உள்ளே என்ன நிறம்

அப்பா சௌரிராஜனின் நகக்கண்ணில் இருந்த நீலத்தை மூன்றாவது முறையாகச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான் பத்ரிநாத். முப்பத்தைந்து வருடம் சாயப்பட்டறையில் தொட்டி கலக்கிய கை. அப்பா செத்த பிறகும் அது வெளுப்பதாக இல்லை. போதும், தண்ணீரை ஊற்றுங்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு எழுந்தான்.

கூடத்துக்கு வந்தால் அங்கே இன்னொரு அவமானம். அலமாரி நிறைய ப்ளாஸ்டிக் ஜெட் விமானங்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தங்கை ராதாமணியின் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து, துண்டுகளை ஒட்டிச் சேர்க்கிற மாதிரி, பெட்டி பெட்டியாக வாங்கிவந்து கொடுத்தவை. சின்னப் பிள்ளை ஒரு மத்தியானத்தில் ஒட்டி முடிக்கிற சாமானுக்கு அப்பா மூன்று மாதம் எடுத்துக்கொள்வார். பெட்டிக்காரன் கொடுத்தது ஒரு நாற்காலி, கைகால் ஒட்டிப்போன ஒரு பைலட் பொம்மை, அவ்வளவுதான். இவருக்கு அது போதாது. சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாளில் பெல்ட் பக்கிள், குண்டூசி முனையால் மீட்டர் முள், ஆபத்தில் வெளியே குதிக்க இழுக்கும் பிடியில் மஞ்சளும் கறுப்புமாக வரி. இவ்வளவையும் செய்துவிட்டு மேலே கண்ணாடி மூடியை வைத்து ஒட்டிவிடுவார். அப்புறம் எவனுக்குத் தெரியப்போகிறது என்று கேட்டால், உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியுமே என்பார். பைத்தியக்காரத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

இந்தக் கூத்துக்குக் காரணமே பத்ரிதான். விமானப்படையில் சேர்ந்த புதிதில், ஜெட் ஓட்டுவதாக வீட்டுக்கு எழுதிவிட்டான். உண்மையில் அவனுக்கு ஸ்டோரில் வேலை. கம்பளி எடுத்துக் கொடுப்பான், திரும்பி வந்தால் மடித்து வைப்பான். பைலட் உட்காரும் இடத்தை அவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அப்பாவோ அதை நம்பி மாதம் ஒரு இன்லண்டு லெட்டர் போட்டார். உள்ளே என்ன நிறம்? ஒரே நிறமா, கலந்ததா? கலந்தது என்றால் எது எத்தனை பங்கு? ஓட்டும்போது இடது கை எங்கே இருக்கும்? சாயக்காரப் புத்தி எங்கே போகும் என்று சிரித்துக்கொண்டே இவன் வாய்க்கு வந்ததை எழுதினான். உள்ளே சாம்பல். இடது கை சும்மா தொடை மேல். அவரும் அப்படியே செய்து வைத்தார். இரண்டு வருடமாகக் கேள்விகள் வரவில்லை. கிழவருக்கு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

ராதாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கடைசியாப் பண்ணின ப்ளேன அப்பாகூடப் பாடையில வைக்கணும்ணே. நீயே எடுத்து வையி. நிஜ ப்ளேன் ஓட்டுற கை."

கூடமே அவனைத் திரும்பிப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஈர வேட்டியோடு ஓரத்து அறைக்குள் போனான். மேஜையில் ஒரு பலகை மேல் விமானம் நின்றது. மூடி இன்னும் ஒட்டவில்லை. உள்ளே சாம்பல் இல்லை. நீலமும் பச்சையுமாக ஏதோ ஒரு நிறம். பக்கத்தில் பழைய விமானங்கள் இரண்டு, மூடி பெயர்த்து, அதே நிறம் பூசப்பட்டிருந்தன. அந்த இரண்டிலும் இருந்த பொம்மைகளின் இடது கை தொடையை விட்டு நகர்ந்து ஒரு நெம்புகோலைப் பிடித்திருந்தது.

மாலையோடு வாசற்படியில் வந்து நின்றார் நல்லகாமன், அப்பாவோடு பட்டறையில் வேலை பார்த்தவர். இந்த நிறத்தை யார் சொன்னது என்று பத்ரி கேட்டான்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன நானும் சௌரிராஜண்ணனும் காசிக்குப் போனோம்ல தம்பி. ரயில்ல நம்மூரு ப்ளேன் மெக்கானிக்கு ஒருத்தரு வந்தாரு. அண்ணன் பையிலருந்து சாயம் போட்ட நூலா எடுத்து, இதா, இதான்னு காட்டுனாரு. அம்புட்டு நூலும் காட்டி, கடைசி நூலுக்குத்தான் அவரு தலையாட்டினாரு. கை எங்க இருக்கும்னும் கேட்டுக்கிட்டாரு."

நல்லகாமன் தரையைப் பார்த்தார்.

"திரும்புறப்ப உங்க கேம்ப் வாசல்ல இறங்குனோம். உங்க பேரச் சொன்னதும், கம்பளி ஸ்டோர் பத்ரிநாத்தான்னு கேட்டாங்க. இல்ல, எம் மகன் பைலட்டு, அது வேற ஆளுன்னு சொல்லிட்டு, வேலி வழியா ஒருவாட்டி உள்ள பாத்துட்டு, அண்ணன் திரும்பி நடந்துட்டாரு. வீட்டுல சொல்ல வேணாம்னாரு."

பத்ரி மறுபடி விமானத்தைப் பார்த்தான். நாற்காலி காலியாக இருந்தது. பலகையில் சக்கரத்துக்குப் பக்கத்தில், விரற்கணு உயரத்தில், காக்கி உடுப்போடு ஒருவன் நின்றான். இரண்டு கையிலும் ஏந்திய கம்பளி. மடிப்பின் ஓரத்தில் சிவப்புக் கோடு, சட்டைப் பையில் பேனா. ஒரு பிழை இல்லை.

நேரமாகிறது என்று வெளியே குரல் கொடுத்தார்கள். பத்ரி அந்த மனிதனைப் பலகையிலிருந்து பெயர்த்து இடுப்பு வேட்டியில் சுருட்டிச் செருகினான். விமானத்தைக் கொண்டுபோய் அப்பாவின் நீல விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தான். யாரோ குனிந்து பார்த்து, ஓட்டுகிறவனைக் காணோமே என்றார்கள்.

"அதான் எங்கண்ணன் நிக்கிறாரே" என்றாள் ராதாமணி.

தத்தனேரி சுடுகாட்டில் தண்ணீர்ப் பானையைப் பத்ரியின் தோளில் ஏற்றினார்கள். பின்னால் ஓட்டை போட வந்தவர், இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார். பத்ரி ஒரு கையாலேயே பிடித்துக்கொண்டு மூன்று சுற்றும் சுற்றினான். மற்றொரு கை இடுப்பை விட்டு வரவேயில்லை.