வலிக்குமா?

சித்தப்பா பல் டாக்டர். பல்லுக்குக் கம்பி போட வருபவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பதால், அவர்களுக்கென்றே தன் கிளினிக்கின் இணையதளத்தில் ஒரு பக்கம் எழுதினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மெனக்கெட்டுப் பன்னிரண்டு பத்திகள். எல்லாவற்றுக்கும் மேலே, தொப்பி போட்ட ஒரு பல் குதித்துக் குதித்து ஆடும்.

எழுதி முடித்ததும் அண்ணன் மகளைக் கூப்பிட்டார். பதினைந்து வயது. வீட்டில் அவள் பெயர் வாலு.

“படிச்சுப் பார்த்துச் சொல்லுடா.”

வாலு போனை வாங்கினாள். கட்டைவிரல் ஒரு தள்ளு தள்ளியது, இன்னொரு தள்ளு. போன் அவர் கைக்கே திரும்பி வந்துவிட்டது.

“அதுக்குள்ளயா? என்ன படிச்ச?”

“பல்லு ஆடுது. பல் டாக்டர் பக்கத்துலயே பல்லு ஆடலாமா சித்தப்பா?”

அவர் முகம் சுண்டிப்போனது. “உங்களுக்கெல்லாம் பொறுமையே கிடையாது.”

“பொறுமை இருக்கு. பொம்மையைப் பார்த்ததும் சின்னப் பசங்களுக்குன்னு நினைச்சேன். கீழ போனா கம்பியோட வரலாறு. எனக்கு எதுக்கு அது?”

“வேற என்னதான் வேணும்?”

“வலிக்குமா, எத்தனை மாசம், சிரிச்சா அசிங்கமா தெரியுமா. அவ்ளோதான்.”

“வலிக்காதுன்னு ஒன்பதாவது பத்தியில போட்டிருக்கேனே!”

“நிஜமாவா?”

சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மொத மூணு நாள் வலிக்கும்” என்றார், குரலை இறக்கி.

“அப்போ அதை மொதல்ல போடுங்க.”

அன்று சாயங்காலம் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெட்டினார்கள். ஒவ்வொரு பத்தி போகும்போதும், ஊசி போடாமல் பல்லைப் பிடுங்கியதுபோல் “ஆ” என்றார் சித்தப்பா. கடைசியில் மூன்று கேள்விகளும் மூன்று பதில்களும் மிஞ்சின. தொப்பிப் பல் தப்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வாயைக் கையால் மூடியபடி ஒரு பெண் தன் அம்மாவோடு கிளினிக்குக்கு வந்தாள்.

“மத்த எல்லா இடத்துலயும் வலிக்கவே வலிக்காதுன்னு போட்டிருக்காங்க. நீங்கதான் வலிக்கும்னு சொன்னீங்க. அதான் இங்க வந்தேன்” என்றவள், கையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சித்தப்பா அதைச் சொன்னார். வாலு சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அடுத்து ஞானப்பல் பக்கம். அதை நீயே எழுதிடேன்.”

“அது உங்களுக்குத்தானே முளைச்சிருக்கு. நீங்க எழுதுங்க. நான் வெட்டித் தர்றேன்.”

அடுத்த ஞாயிறு அவர் அவளிடம் நீட்டியது ஐந்தே பத்தி.