சொன்ன விலை

அந்தக் கடைத்தெருவில் ஒரு தாழ்ப்பாள் வாங்குவதற்கே அரைப்பொழுது போய்விடும். வந்தவன் முதலில் அதைக் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, முகத்தைச் சுளிப்பான். "என்ன இது, தகர டப்பாவை வெட்டி ஒட்டினதா?" என்பான். பூட்டுக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். "செஞ்சவன் காதுல விழுந்தா சோறு இறங்காதுய்யா அவனுக்கு" என்பார். பிறகு விலை சொல்வார். வந்தவன் அதில் பாதிக்குக் கேட்பான். வீட்டு சௌக்கியம் விசாரிப்பார்கள், நடுநடுவே திட்டிக்கொள்வார்கள். வந்தவன் கோபித்துக்கொண்டு படியிறங்குவான், பூட்டுக்காரர் கூப்பிடுவார், அவன் காது கேட்காத மாதிரி நின்று நின்று நடப்பான். கடைசியில் இரண்டு பேருக்கும் ஆரம்பத்திலேயே தெரிந்த ஒரு விலையில் வந்து முடியும். மேற்கொண்டு நாலு ஆணி கொசுறு. வந்தவனுக்குத் தாழ்ப்பாளைவிட அந்த ஆணிகள்தான் இனிக்கும்.

தெருவே அப்படித்தான். அங்கே ஒருவரோடு பேரம் பேசுகிறார்கள் என்றால், அவரை மனுஷராக மதிக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதெல்லாம் தெரியாமல் அந்தத் தெருவில் கடை போட்டவன்தான் ஒரே விலை. பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. பெரிய ஊரிலிருந்து மனைவியோடு வந்து இறங்கினான். பூட்டுக்காரரின் கடைக்கு எதிரே அவருக்குச் சொந்தமான இன்னொரு கடை காலியாகக் கிடந்தது. அதைத் தன் துணி மூட்டைகளைப் போட்டுவைக்க வேண்டும் என்று ஜவுளிக்கடைக்காரர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பூட்டுக்காரரின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். உறவுக்காரர் கொடுக்கும் வாடகை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புதியவனோ சொன்ன வாடகையை மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டிவிட்டான். பூட்டுக்காரருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இன்னும் கூடக் கேட்டிருக்கலாமே என்ற வயிற்றெரிச்சல்.

வாளி, குவளை, தட்டு, துடைப்பம் என்று வீட்டுச் சாமான்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் விலையை எழுதி ஒட்டி, வாசலில் பலகையும் மாட்டினான்: ஒரே விலை. முதலில் தெரு சிரித்தது. பிறகு பெண்கள் அங்கே போய்ச் சட்டென்று வாங்கிக்கொண்டு, மீதிப் பொழுதை வீட்டில் படுத்துக் கழிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு நின்றது.

ஒருநாள் காலை ஒரே விலை தெருவைத் தாண்டி ஓடி வந்தான். முகத்தில் பூரிப்பு.

"அண்ணே, விஷயம் தெரியுமா? உங்க தெரு திருந்திடுச்சு!"

"எப்போ கெட்டுச்சு, திருந்தறதுக்கு?"

"இல்லண்ணே, காய்கறிக்காரம்மா இருக்காங்களே, முன்னெல்லாம் ஒரு தக்காளிக்கு என் பரம்பரையையே இழுப்பாங்க. இன்னைக்கு விலையைச் சொன்னாங்க, காசைக் குடுத்தேன், பையில போட்டாங்க. அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்ல. எண்ணெய்க்கடையிலயும் அப்படியே, சலூன்லயும் அப்படியே. என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்கண்ணே!"

பூட்டுக்காரர் துடைத்துக்கொண்டிருந்த கீலைக் கீழே வைத்தார்.

"கொசுறு ஏதாவது குடுத்தாங்களா?"

"கேக்கவே இல்ல. எதுக்குண்ணே அதெல்லாம்? நேர்மையான வியாபாரம்."

சொல்லிவிட்டு, ஒரு ஊரையே படிக்கவைத்த வாத்தியார் மாதிரி கைவீசிக்கொண்டு போனான்.

அந்தத் தெரு யாரையும் அடித்து விரட்டாது. கூட்டம் போடாது, குரல் உயர்த்தாது. ஒருவர் வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் அவரிடம் விலையை மட்டும் சொல்லும். ஒரே தடவை. அதற்குப் பிறகு தானாகவே ஏதாவது நடக்கும். முன்பு இப்படித்தான் ஒரு தையல்காரர் வந்து, பாதிக் கூலிக்குத் தைத்தார். தெரு அவரிடம் விலையை மட்டும் சொல்லத் தொடங்கிய கொஞ்ச நாளில் அவர் கடை எரிந்தது. வெளியே பூட்டுத் தொங்கியது, தையல்காரர் உள்ளே இருந்தார். ஓட்டைப் பிரித்துக்கொண்டு கூரை வழியாக வெளியே வந்தவர், வெந்த கையோடு அப்படியே ஊரைவிட்டுப் போனார். மின்சாரக் கசிவு என்றார்கள். அன்றைக்குக் காலையிலிருந்தே தெருவில் மின்சாரம் இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொங்கியது பூட்டுக்காரர் கடைப் பூட்டு. அதில் ஆச்சரியம் என்ன, ஊரில் வேறு பூட்டுக்கடை கிடையாது.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பூட்டுக்காரர் மனைவியிடம் பேச்சை எடுத்தார். குடியிருப்பு கடைக்கு மேலேயே. கீழே கடை, மேலே இரண்டு அறை. இரண்டுக்கும் சேர்த்துத் தெருப்பக்கம் ஒரே வாசல். பின்னால் அடுத்தவர் சுவர்.

"அவன்கிட்ட சொல்லிடலாம்னு பாக்கறேன்" என்றார்.

"எதை?"

"பேசாம இருக்கறதுக்கு என்ன அர்த்தம்னு."

அவள் பரிமாறுவதை நிறுத்தினாள். "என்னங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நான் இந்தத் தெருவுல பொறந்தவ. இதை வெளியாளுகிட்ட யாரும் சொன்னதா நான் கேள்விப்பட்டதே இல்ல."

"நம்ம கடைடி அது. எரிஞ்சா நம்ம சுவர், நம்ம கூரை."

"கூரைக்காகவா சொல்றீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தார். "அவன் கூட்டிட்டு வந்த பொண்ணும் உள்ளதானே படுக்குது" என்றார் மெதுவாக.

அவள் மோரைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினாள்.

அன்று சாயங்காலமே பூட்டுக்காரர் எதிர்க்கடைக்குப் போய், துடைப்பக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். தையல்காரரைப் பற்றியும். ஒரே விலை முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது, அதை என்ன செய்வது என்று தெரியாதவன் மாதிரி. அவன் மனைவி உள்ளறைக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்போ என்னண்ணே செய்யறது?"

"நாலு நாள்ல கிளம்பு. இல்லைன்னா பலகையைக் கழட்டிட்டு என் மச்சான்கிட்ட போய் நில்லு. அவர்தான் தெருவுக்குப் பெரிய மனுஷர். பேரம் பேசு. உனக்குப் பேசத் தெரியுமா?"

"தெரியாதே."

"கத்துக்க. ஆனா ஒண்ணு, நான் சொன்னதா வாயைத் திறந்துடாதே."

"என் பொண்டாட்டி மேல சத்தியம்ணே."

மறுநாள் எதிர்க்கடை திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் ஜவுளிக்கடை மச்சான், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில், பூட்டுக்கடை வாசலில் வந்து நின்றார்.

"வாங்க மச்சான்! என்ன, காத்து இந்தப் பக்கம் அடிக்குது?"

"பூட்டு வேணும். பெருசு."

மச்சான் பேரம் பேச ஆரம்பித்தால் அதைக் கேட்கவே அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வருவார்கள். தங்கை கல்யாணத்துக்கே மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை அழவைத்து வேலை முடித்த மனுஷர். பூட்டுக்காரர் உற்சாகமாக ஏழு லீவர் பூட்டை எடுத்து வைத்தார். உள்ளே ஏழு தகடு. சாவி திரும்பி நாக்கு விழும்போது இரட்டைச் சத்தம் வரும், டக் டக் என்று. அவர் அதை மச்சான் காதருகே பூட்டிக் காட்டினார். விலையும் சொன்னார்.

மச்சான் பணத்தை எடுத்தார்.

பூட்டுக்காரர் பணத்தைத் தொடவில்லை. "ஐயோ, தப்பா சொல்லிட்டேன் மச்சான், அது பழைய விலை" என்று சிரித்துக்கொண்டே இரண்டு மடங்காகச் சொன்னார். பச்சைக் கொள்ளை. தெருவில் எவனிடம் சொன்னாலும் கல்லைத் தூக்கியிருப்பான்.

மச்சான் இன்னும் கொஞ்சம் பணத்தை எடுத்து மேலே வைத்தார்.

"மச்சான், குறைச்சுக் கேளுங்க."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"சும்மா கேளுங்க. ரெண்டு திட்டாவது திட்டுங்க. நேத்துப் பொறந்த பூட்டுக்கு இந்த விலையான்னு கேளுங்க."

மச்சான் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வாங்கி முடித்த சாமானைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. "கட்டிக் குடுங்க" என்றார்.

பூட்டுக்காரர் காகிதத்தில் சுற்றினார். எதிர்க்கடைக்குத்தான், வேறு எங்கே என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பூட்டுக்குச் சாவி மூன்று, கம்பியில் கோத்திருக்கும். சுற்றுகிற சாக்கில் ஒன்றைக் கழற்றி விரலிடுக்கில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் உள்ளே மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்த் திறக்க ஒரு சாவியாவது வேண்டுமே. மச்சான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். சாவியை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாமல் எதையும் வாங்குகிற ஆள் இல்லை அவர்.

சற்று நேரத்தில் மனைவி கடைவீதியிலிருந்து திரும்பினாள். பையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"காய்கறிக்காரி" என்றாள்.

"என்ன அவளுக்கு?"

"விலையைச் சொன்னா. பாதிக்குக் கேட்டேன். திரும்ப அதே விலையைக்கூடச் சொல்லலங்க, சும்மா நின்னா. ஏன்டி, வாய்ல கொழுக்கட்டையான்னு கேட்டேன். என்னோட பள்ளிக்கூடம் போனவ அவ. பக்கத்து வண்டியைப் பாத்துக்கிட்டு நின்னா." பையை விரித்துக் காட்டினாள். "ஒரு பச்சை மிளகாய்கூட மேல போடல."

அப்போதுதான் எதிர்ப்பக்கத்துச் சத்தம் பூட்டுக்காரர் காதில் விழுந்தது. எதிர்க்கடை திறந்திருந்தது. பலகையைக் காணோம். ஒரு கிழவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டு, "இதுல தண்ணி நிக்குமா, இல்ல எட்டிப் பாத்துட்டுப் போயிடுமா?" என்று கேட்க, ஒரே விலை நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தான். புதிதாகக் கற்றவனின் நடிப்பு, கொஞ்சம் அதிகம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பின்சுவரை மறைத்து, கூரை வரைக்கும், ஜவுளிக்கடைத் துணி மூட்டைகள் அடுக்கியிருந்தன.

பூட்டுக்காரர் தெருவைத் தாண்டினார். அவரைக் கண்டதும் கிழவர் வாளியை வைத்துவிட்டு நகர்ந்தார். மற்றவர்களும் வேலை இருப்பவர்கள் போலக் கலைந்தார்கள்.

"முடிஞ்சுதா?" என்றார்.

ஒரே விலை ஒட்டுச்சீட்டுகளைச் சுரண்டிய நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "முடிஞ்சுதுண்ணே. பாதி இடம் மூட்டைக்கு விட்டுட்டேன். பலகையை எடுத்துட்டேன். எல்லாத்துக்கும் தலையாட்டினேன். அப்பவும் உங்க மச்சான் இறங்கி வரல."

"அவர் லேசுல இறங்க மாட்டார்."

"கடைசியா ஒண்ணு கேட்டார்ண்ணே. உனக்கு யார் சொன்னதுன்னு."

பூட்டுக்காரர் துடைப்பக் கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"என்கிட்ட வேற சரக்கு இல்லண்ணே" என்றான் அவன். அழுதுவிடுவான் போலிருந்தது. "நீங்கதானே பேரம் பேசச் சொன்னீங்க."

வாசலில் யாருடைய நிழலோ ஆடியது. எண்ணெய்க்கடைக்காரர், உள்ளே வராமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே விலையின் முகம் இறுகியது. பூட்டுக்காரரின் கை பட்ட துடைப்பத்தைப் பார்த்து, அதன் விலையைச் சொன்னான். ஒரே தடவை. பிறகு சும்மா நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "கிளம்பிடலாம், நம்ம பொண்ணைக் கட்டிக் குடுத்த வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். பூட்டுக்காரர் கேட்கவில்லை. ஆயுசு முழுவதும் விற்றும் வாங்கியும் வாழ்ந்தவருக்கு, விலை பேசித் தீராத சங்கதி ஒன்று உலகத்தில் உண்டு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "உன் கூடப்பொறந்தவர்டி. நாளைக்குத் தெரு விடுமுறை. மத்தியானம் வீட்டுலதான் இருப்பார். போய் உக்காந்து பேசறேன். எதிர்க்கடையை முழுசா எழுதிக் குடுத்துடறேன்னு ஆரம்பிப்பேன்."

"ஆரம்பமே அதுவா?"

"இல்ல. பாதியில ஆரம்பிச்சு அங்க போய் நிப்பேன்."

அவள் தன்னையறியாமல் சிரித்தாள். அவரும் சிரித்தார். அன்று இருவரும் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் மத்தியானம் தெரு முழுக்கக் கதவடைத்துக் கிடந்தது. வெயில் வெள்ளையாக விழுந்தது. ஒரு நாய்கூட நடுத்தெருவில் இல்லை. பூட்டுக்காரர் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, கழற்றி வைத்திருந்த சாவியையும் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். இருட்டான கடைக்குள், கீல்களுக்கும் கொக்கிகளுக்கும் நடுவில் நடந்தபோது, வழக்கமான டர்பன்டைன் வாடை அடித்தது. பெயின்ட் டப்பாக்கள் மூலையில்தான் இருக்கின்றன. ஆனால் வாடை மூலையிலிருந்து வரவில்லை. கதவின் கீழ் இடுக்கு வழியாக, வெளியேயிருந்து வந்தது.

அவர் நின்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டி மெல்ல விழுந்தது. பிறகு டக் டக் என்று இரட்டைச் சத்தம். ஏழு தகடு. ஆயிரம் பூட்டுக்கு நடுவிலும் அவருக்கு அது அடையாளம் தெரியும்.

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். பளபளப்பான புதுச்சாவி, பல் ஒவ்வொன்றும் கச்சிதம். இந்தப் பக்கம் கதவு வழவழவென்று பலகையாக இருந்தது. சாவியை நுழைக்க அதில் எங்கும் துளையில்லை.

"மச்சான்" என்றார், பலகையில் வாயை வைத்து. "மச்சான், நீங்கதானே? எதிர்க்கடையைப் பாதி எடுத்துக்கங்க."

காலடி ஒன்று மண்ணில் நகர்ந்து நின்றது.

"முழுசா எடுத்துக்கங்க. சும்மாவே."

மேலே படியில் மனைவி வந்து நின்றாள். "யாருங்க? அண்ணனா?" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல் கையை மட்டும் காட்டினார், பேசாதே, பேரம் நடக்கிறது என்பது போல.

"சரி, இந்தக் கடையும். இந்தக் கடையும் உங்களுதுதான். நாங்க ரெண்டு பேரும் உடுத்தின துணியோட போயிடறோம். என்ன சொல்றீங்க? குறைச்சலா இருந்தா சொல்லுங்க. ஒரு வார்த்தை கேளுங்க மச்சான்."

வெளியே தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. முதல் தடவை பற்றவில்லை போலிருக்கிறது. இன்னொரு முறை உரசினார்கள்.