இறங்கித் திறக்கும் வால்வு

1

இந்தக் கதை என் மேசை மேல்தான் கிடக்கிறது. காகிதம் பறக்காமலிருக்க அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை வால்வு, சிவப்புக் கைப்பிடி. ஒரு பிக்கப் வண்டியில் மாட்டி, ஒரு சொட்டு டீசல்கூட ஓடாமல் கழற்றப்பட்டது. பட்டறைக்காரர் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் தங்கையிடம் கொடுத்தார். அவள் என்னிடம் கொடுத்துவிட்டு, "நீதான் எழுதுறவளாச்சே, இத வச்சு எழுது" என்றாள்.

எழுதுகிறவளுக்கு எங்கள் வீட்டில் இவ்வளவுதான் மரியாதை. கிழிந்த சட்டையைத் தையல்காரரிடம் போடுவதுபோல் போட்டுவிட்டுப் போனாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கையின் கணவர் இறந்துவிட்டார். அதைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கிற வேலை எனக்குப் பிடிக்காது. செத்தவரை வைத்துக் கண்ணாமூச்சி ஆடக் கூடாது.

2

முதல் தொடக்கம்: "கருமேகங்கள் சூழ்ந்த அந்தக் காலையில் பிக்கப் வண்டி பட்டறைக்குள்—"

மேகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சுள்ளென்ற வெயில். வானத்தை இதில் இழுப்பானேன்.

இரண்டாவது: "விதி என்பது—"

[அடித்துவிட்டேன். விதி என்று எழுதினால் தங்கை காகிதத்தைக் கிழித்துவிடுவாள். அவளுக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.]

மூன்றாவது: அவர் முட்டை ஓட்டினார்.

இது நிற்கிறது. பண்ணையில் அட்டை அட்டையாக ஏற்றி, தூரத்து நகரத்தில் இறக்கிவிட்டு, அன்றைக்கே திரும்ப வேண்டும். ஒரு டேங்க் டீசல் போதாது. போகும்போதே பாதி வழியில் ஒரு பங்க்கில் நிறுத்துவார். டீசல் நிரம்புவதற்குள் முகம் கழுவி, டீ குடித்து, வீட்டுக்குப் போன் போட்டு "என்ன சமையல்?" என்பார். வரிசை நீளமாக இருந்தால் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து ஒரு குட்டித் தூக்கம்.

(இந்தத் தூக்கம் எங்கள் வீட்டில் பெரிய கேலி. ஒரு தடவை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டே தூங்கினார். "மாப்பிள்ளைக்குச் சுவரு கெடைச்சா போதும், மெத்தை வேண்டாம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்தார், மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.)

அவர் வீடு வருவதற்குள் மகள் தூங்கிவிடுவாள். காலையில் அவள் எழுவதற்குள் அவர் கிளம்பிவிடுவார். "புள்ள அப்பாவ முழிச்சுப் பாத்தே எவ்வளவு நாளாச்சு" என்று தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டியின் பின்பகுதியில், கேபினை ஒட்டி இன்னொரு டேங்க் வைத்தால் பங்க்கில் நிற்க வேண்டியதில்லை என்று கேள்விப்பட்டதும் அவள்தான் அவரைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

3

பட்டறைக்காரரை முதல் பிரதியில் வில்லனாக எழுதினேன். "அவர் பல்லிளித்தபடி—" என்று ஒரு வரி. அப்புறம் நேரில் போய்ப் பார்த்தேன். முதுகுவலிக்காரர். குனிந்தால் நிமிர்வதற்குக் கதவைப் பிடிக்கிறார். அவரை வில்லனாக்கினால் எனக்கு வேலை சுலபம், அவ்வளவுதான்.

அவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்து, கீழே குழாயோ ஒயரோ போகிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். டேங்க்குக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்து, போல்ட்டுகளை முறுக்கினார். மேல் டேங்க்கிலிருந்து கீழ் டேங்க்குக்கு ஒரு குழாய், நடுவில் இந்த வால்வு.

"கீழ் டேங்க் குறைஞ்சதும் வண்டிய ஓரங்கட்டி, இறங்கி, இதத் திருகணும். தானா எறங்கிடும். நெரம்புனதும் மூடிடணும், இல்லன்னா வழிஞ்சு ரோட்டுல ஓடும்."

"ஓட்டிக்கிட்டே திறக்க முடியாதா?" என்று தங்கை கேட்டாள்.

"இறங்கித்தான் ஆகணும்மா. நான் மாட்டுற டேங்க் எல்லாத்துக்கும் கை வால்வுதான். இறங்குனா கசிவு இருக்கா, போல்ட்டு தளந்திருக்கான்னு கண்ணு பாத்துடும்."

"கை வால்வே இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை. "காலு நீட்டுன மாதிரியும் இருக்கும்."

"நீங்க இறங்குனா ஒரு டீ. டீக்கு ஒரு பேச்சு. அப்புறம் எப்போ வீடு வந்து சேர்றது? மழையில வேற நனையணும். சின்ன பம்ப்பு வச்சு உள்ளாரயே ஒரு சுவிட்ச் குடுத்துடுங்கண்ணா."

பட்டறைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சிரித்தார். "வீட்டம்மா உத்தரவு. சுவிட்ச்சே வச்சிடுங்க."

பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுத்து வால்வைக் கழற்றினார்.

4

இதைச் சீக்கிரம் எழுதிவிடுகிறேன்.

கொஞ்ச காலம் அவர் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருந்தார். மகள் அவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். என் தங்கை சந்தோஷமாக இருந்தாள். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

பிறகு ஒரு மத்தியானம், நேரான ரோட்டில், வண்டி மெல்ல ஓரம் சாய்ந்து, நின்றிருந்த லாரியின் பின்னால் போய்ச் செருகியது. பிரேக் பிடித்த தடம் இல்லை. பாதி அட்டைகளில் ஒரு முட்டைகூட உடையவில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள். ஆறுதல் என்று நினைத்தார்களோ என்னவோ.

பங்க்கில் டீசல் போடும் அம்மாள் துக்கம் கேட்க வந்தார். "கொஞ்ச நாளா நிக்காமயே போனாரு. எங்க மேல ஏதோ கோவமோன்னு நெனச்சேன்" என்றார்.

தங்கை பட்டறைக்காரரிடம் ஒன்றுதான் கேட்டாள். நொறுங்கிய வண்டியைப் போய்ப் பார்த்தவர் அவர்தான்.

"சுவிட்ச் போட்டிருந்துச்சா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். "போட்டிருந்துச்சும்மா" என்றார்.

அதாவது, கீழ் டேங்க் குறைந்து அவர் பம்ப்பைப் போட்ட இடம் அது. கை வால்வாக இருந்திருந்தால் அந்த லாரிக்கு முன்பே அவர் ஓரங்கட்டி இறங்கியிருக்க வேண்டும். மறுநாள் அந்த மனிதர் வால்வைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று நான் கேட்டதற்கு, "என்கிட்ட வச்சுக்க முடியல" என்றார்.

5

கதையில் கை வால்வைத் திரும்ப மாட்டுவது என்று முடிவு செய்தேன். கதை எழுதுவதில் இருக்கிற ஒரே சலுகை இது. ஆனால் மாட்டியதும் சிக்கல்.

வால்வு இருக்கிறது, இறங்குகிறார், தூக்கம் கலைகிறது, பிழைக்கிறார் என்று எழுதினால், சுவிட்ச்தான் கொன்றது என்றாகிறது. சுவிட்ச் கேட்டவள் என் தங்கை.

வால்வு இருக்கிறது, இறங்குகிறார், திறக்கிறார், மூடுகிறார், ஏறுகிறார், அப்படியும் கொஞ்ச தூரத்தில் தூங்கிப்போகிறார். இப்படி எழுதினால் அவள் மேல் பழி இல்லை. அக்காவாக நான் எழுதியது இதைத்தான். நன்றாகவும் வந்திருந்தது. அதை நினைத்தால் இப்போது கேவலமாக இருக்கிறது.

அவளுக்குப் படித்துக் காட்டினேன். வால்வின் கைப்பிடியை அப்படியும் இப்படியும் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அவர ஏன்க்கா திரும்பவும் கொன்ன?"

"உனக்காகத்தான்டி. சுவிட்ச் இல்லாட்டியும் அப்படித்தான் ஆகியிருக்கும்னு—"

"சுவிட்ச் கேட்டது யாருன்னு எனக்குத் தெரியும். அத நீ அழிக்க வேண்டாம். பழி எம்மேலயே கிடக்கட்டும். அவர இறங்க விடு."

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படி எதுவும் கேட்டதில்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

6

ஓரங்கட்டுகிறார். இறங்குகிறார். இடுப்பைப் பிடித்து வளைந்து நிமிர்கிறார். சிவப்புக் கைப்பிடியைத் திருப்புகிறார், டீசல் இறங்கும் சத்தம் கேட்கிறது. போல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார். கசிவு இல்லை. பாட்டில் தண்ணீரில் முகம் கழுவுகிறார்.

அடுத்து வால்வை மூட வேண்டும், ஏற வேண்டும், ஓட்ட வேண்டும். ஓட்டினால் அந்த லாரி—

இங்கேயே நிற்கிறேன். மூடாமல் விட்டால் டீசல் முழுக்க வழிந்தோடி, வண்டி நகராது என்று ஒரு யோசனை வந்தது. பட்டறைக்காரரிடம் கேட்டேன். மேல் டேங்க்தான் காலியாகும், கீழ் டேங்க் நிரம்பியே இருக்கும், வண்டி நல்லாவே போகும் என்றார். மனுஷன் கதைக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டார்.

தங்கை தினமும் வருகிறாள். "இன்னும் வெளியதான நிக்கிறாரு?"

"ஆமாடி."

நேற்று வந்தவள் எழுதிய பக்கத்தை எடுத்துப் படித்தாள். பிறகு சொன்னாள்: "இறங்குனா போன் போடுவாருல்ல, என்ன சமையல்னு. போட வை. நான் பேசணும்."

"என்னன்னு?"

"அவசரமில்லன்னு. சாப்பாடு ஆறுனா ஆறட்டும், மெதுவா வாங்கன்னு."

எழுதிவிட்டேன். போனைக் காதில் வைத்தபடி அவர் வண்டியில் சாய்ந்து நிற்கிறார். அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். கீழ் டேங்க் நிரம்பிவிட்டது, ரோட்டில் டீசல் வழிகிறது. யாராவது மூடத்தான் வேண்டும், என்னால் முடியாது. வால்வு இதோ மேசையில் இருக்கிறது. நீங்கள் மூடுவதானால், அவள் பேசி முடித்த பிறகு மூடுங்கள்.