கையெழுத்துப் போடாதீங்க

மூன்று வருடமாகச் சலவைக்கூடத்தில் பெரியவள் வாயே திறந்ததில்லை. சூப்பர்வைசர் ஸ்பானிஷில் "லாவா" என்றால் துவைப்பாள், "தோப்லா" என்றால் மடிப்பாள். கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு 'மூதா' என்று பட்டம் கட்டினார்கள். ஊமை என்று அர்த்தம்.

"மூதேவியில பாதி. மீதியையும் சேத்துச் சொல்லிட்டுப் போகட்டுமே" என்பாள் ஓரகத்தியான சின்னவளிடம். தமிழில் அவள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

ஏவத்தானே சூப்பர்வைசருக்குத் தெரியும், தடுக்க நான் கற்கிறேன் என்று ஞாயிறு காலை ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தாள். 'செய்யாதே' என்று சொல்லும் தடை ஏவல் பாடம் நடந்ததும் போர்வை மடித்தபடியே சின்னவளுக்கு ஒப்பித்தாள்.

"'ஆர்'னு முடியற வினையா? கட்டளையோட கடைசி 'ஆ'வை 'எ' ஆக்கி, 'ஸ்'னு ஒரு வால் ஒட்டு. லாவான்னா துவை. நோ லாவெஸ்னா துவைக்காதே. 'ஏர்', 'ஈர்'னு முடிஞ்சா தலைகீழ், 'எ' போய் 'ஆ' வரும். கொர்ரேன்னா ஓடு. நோ கொர்ராஸ், ஓடாதே."

"மரியாதையாச் சொல்லணும்னா?"

"வாலை நறுக்கிடு. நோ லாவெ. துவைக்காதீங்க. நாலு பேருக்குன்னா கடைசியில 'ன்'. நோ லாவென்."

"நமக்கு வால் சேத்தாத்தான் மரியாதை. இவங்களுக்கு நறுக்கினாலா!" என்று சின்னவள் சிரித்தாள்.

இஸ்திரி இயந்திரத்தின் காப்புக் கம்பி உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மற்றப் பெண்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்த வியாழக்கிழமை சூடான பலகை சின்னவளின் வலது உள்ளங்கையில் இறங்கியது.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு அவளை வரவழைத்தான் சூப்பர்வைசர். விபத்துக்கு அவளுடைய கவனக்குறைவே காரணம் என்று ஒரு தாள். அவளும் மற்ற ஐந்து பெண்களும் கையெழுத்திட வேண்டுமாம். பேனாவை அவளுடைய இடது கையில் திணித்தான்.

பெரியவள் மனதுக்குள் பாடத்தைப் புரட்டினாள். கையெழுத்திடுவது ஃபிர்மார். 'ஆர்' வினை. நாலு பேருக்கு.

"நோ ஃபிர்மென்!"

இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். ஊமை பேசிவிட்டாள்! சூப்பர்வைசர் முகம் சிவந்து, வேலையைவிட்டுத் தூக்கிவிடுவேன் என்று கூரை அதிரக் கத்தினான்.

"நோ கிரித்தெ" என்றாள். கத்தாதீங்க. வாலை நறுக்கி, மரியாதையாகத்தான்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மடிப்பு மேசைக்காரி வந்து, சின்னவள் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி, அவன் சட்டைப்பையில் செருகினாள். மற்ற மூவரும் கைகளை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் பெரியவளின் கணவர் பதறினார். "எதுக்கு வம்பு? வேலை போயிட்டா?"

"போனாப் போகட்டும். பொய்க்குக் கைநாட்டு வைக்கிற வேலை எனக்கெதுக்கு?"

கம்பி சரியாகும்வரை இஸ்திரியைத் தொடமாட்டோம் என்று ஆறு பேரும் நின்றார்கள். விடுதிகளிலிருந்து போர்வை கேட்டுத் தொலைபேசி அலறியது. மூன்றாம் நாள் முதலாளியே மெக்கானிக்கோடு வந்தார். கம்பி மாறியது. தாள் அவர் கையிலேயே கிழிந்தது.

சூப்பர்வைசர் சும்மா விடவில்லை. ஈரத் துணி சுமக்கும் பகுதிக்குப் பெரியவளை மாற்றினான். தோள்பட்டை விண்விண்ணென்று வலித்தது. அவளிடம் பேசவும் பிடிக்காமல் விரலால் மூட்டையைக் காட்டினான். அவள் இடுப்பில் கைவைத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"போர் ஃபவோர்" என்றான் கடைசியில். தயவுசெய்து.

அதன் பிறகுதான் மூட்டையைத் தூக்கினாள்.