கெபி பக்கத்துக் கழிப்பறை

எல்சிக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. அடுத்த வீட்டுச் சண்டையிலிருந்து துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் கொடி வரை கேட்டுத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ராயபுரத்தில் அவள் தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும். அன்பியம் என்ற அந்தக் குழுவுக்கு அவளைத் தலைவியாகப் போட்டதே அவள் வாய்க்காகத்தான் என்பார்கள்.

இப்போது அவள் மண்டையைக் குடைந்தது ஒரு கழிப்பறை.

மாதா கோயில் மதிலை ஒட்டிய நடைபாதையில் விடிகாலையிலிருந்து மதியம் வரை நாற்பது பெண்கள் மீனும் கீரையும் விற்கிறார்கள். பாதிப் பேர் திருவொற்றியூர், எண்ணூரிலிருந்து வருகிறவர்கள். ஒதுங்க ஓர் இடம் கிடையாது. "ஜெபம் மட்டும் போதாது, சுத்தி இருக்கற ஜனத்துக்கும் கோயில் ஏதாவது செய்யணும்" என்று பங்குத்தந்தை அருள்பிரகாசம் பிரசங்கத்தில் சொன்னதுதான் தாமதம், எல்சி அதைப் பிடித்துக்கொண்டாள். வீடு வீடாக ஏறி இறங்கி ஆதரவு திரட்டினாள். கோயில் வளாகத்துக்குள் டைல்ஸ் பதித்து மூன்று கழிப்பறைகள் எழும்பின. எந்த மதத்துப் பெண்களும் வரலாம் என்று போர்டும் மாட்டினார்கள்.

திறந்து ஒரு மாதம் ஆயிற்று. ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"யாருக்கும் வேணாம்னா நாம என்ன பண்றது? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணி, சப்பரத்துச் சாமானை அதுல போட்டுப் பூட்டிடலாம்" என்றார் பங்குப் பேரவைச் செயலாளர் செல்வநாதன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா கிடக்கும் எதுவும் அவர் கண்ணுக்குப் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் காரணம் தெரிந்தாக வேண்டும் எல்சிக்கு. கையில் இருந்தது நான்கு நாள்.

அழுக்கோ என்று போய்ப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. வாட்ச்மேன் விரட்டுகிறானோ என்று ஒரு காலை முழுக்க வேவு பார்த்தாள். பாவம், அவன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் நடைபாதையில் எலுமிச்சம்பழமும் கொத்தமல்லியும் விற்கும் காத்தூன் பீவியிடமே போனாள்.

"காத்தூன்க்கா, கோயில்ல புச்சா கட்டிகீதே, ஏன் ஒருத்தரும் வரமாட்றீங்க?"

"அய்ய, அதெல்லாம் வோணாம் எல்சி. எங்களுக்குப் பயகிப்போச்சு."

"இன்னா பயகிப்போச்சு? அடக்கிக்கினு குந்தறதா? போன வாரம் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில கெடந்தது யாரு?"

"வுட்ரு எல்சி. நீ நல்ல பொண்ணு" என்று காத்தூன் கொத்தமல்லிக் கட்டுக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள்.

இருபது பேரிடம் கேட்டாள். இருபது பேரும் சிரித்தார்கள், பேச்சை மாற்றினார்கள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. என்னதான் இருக்கிறது, நாமே பார்த்துவிடுவோம் என்று வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே போய் காத்தூன் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். பேச்சுவாக்கில் பக்கத்துக் கடை மீனையும் கழுவிக் கொடுத்தாள். இரண்டு டீ குடித்தாள். ஒன்பது மணிக்கு அவளுக்கே முட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று எழுந்து கோயில் கேட்டுக்குள் நுழைந்தாள்.

எதிரே மாதா கெபி. கல்லால் கட்டிய சிறு குகைக்குள் மாதா நின்றாள். கீழே மெழுகுவத்திகள் எரிந்தன. அதிலிருந்து வலப்பக்கம் பத்தடியில், மதிலை ஒட்டிக் கழிப்பறை. "மாதா பார்வையில இருந்தா பொம்பளைங்களுக்குப் பாதுகாப்பு" என்று செல்வநாதன் அந்த இடத்தைக் காட்டியபோது முதலில் கை தட்டியவளே எல்சிதான்.

அவளை அறியாமல் கால் செருப்பைக் கழற்றியது. கை சிலுவை போட்டது. கையில் மீன் கவிச்சி. குளித்து, தலை முடிந்து, பூ வைத்துக்கொண்டு மட்டுமே அவள் இத்தனை வருடமும் இங்கே வந்திருக்கிறாள். இப்போது தாயின் கண்ணெதிரில் போய் எப்படிக் கதவைச் சாத்திக்கொள்வது? ஓரடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. வெட்கமாகிவிட்டது. திரும்பி, இரண்டு தெரு தாண்டித் தன் வீட்டுக்கே ஓடினாள்.

திரும்பி வந்தவளிடம் காத்தூன் மெதுவாகக் கேட்டாள். "போனியா?"

"இல்லக்கா."

"சனிக்கெழமையானா நாங்கதான அவங்களுக்கு மெழுகுத்திரி ஏத்துறோம். எம்பொண்ணு பிரசவத்துக்குக் கெடந்தப்போ அவங்க கால்லதான் வுயுந்து அய்தேன். அவங்க பக்கத்துல போயி... எப்டிம்மே? ஆசையா கட்டிகினீங்க, சொன்னா உங்க மனசு நோவும்னு சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்சி எழுந்து நின்றாள். கெபிப் பக்க வாசலை அடைத்துவிட்டு, மதிலை உடைத்துத் தெருப்பக்கம் வாசல் வைக்க வேண்டும் என்றாள்.

செல்வநாதன் பதறிவிட்டார். "மதில்ல வாசல் வச்சா யார் வேணா வருவாங்க!"

"யார் வேணா வரட்டும்னுதானண்ணே கட்னோம்?"

"மாதாவும் ஒரு தாய்தானே எல்சி? அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. அதை அந்தப் பொம்பளைங்களுக்கு நாம புரிய வைக்கணும்."

பேரவையில் பலர் தலையாட்டினார்கள். எல்சி விடவில்லை.

"அண்ணே, மதிலுக்கு வெளிய ஆம்பளைங்க நின்னு நாறடிச்சாங்களே, அப்போ நீங்க இன்னா பண்ணீங்க?"

"மாதா படம் போட்ட டைல்ஸ் ஒட்டினேன்."

"அப்பால?"

"ஒருத்தனும் வரல" என்று பெருமையாகச் சொன்ன செல்வநாதன் சட்டென்று நிறுத்தினார்.

"குட்ச்சிட்டு வர்றவனுக்கே அவங்க முன்னாடி மனசு வரல. எங்களுக்கு மட்டும் எப்டிண்ணே வரும்?"

ஃபாதர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். செல்வநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "எந்த எடத்துல உடைக்கணும்?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் தெருவைப் பார்த்துக் கதவு திறந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காத்தூன் பீவி எழுந்தாள். எலுமிச்சம்பழக் கூடையை எல்சி பக்கம் தள்ளி, "பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

எல்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் அழுதால் நன்றாகவா இருக்கும்? கூடைக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எலுமிச்சம்பயம்! எலுமிச்சம்பயம்!" என்று தொண்டை கிழியக் கூவத் தொடங்கினாள்.