தெருவுக்குத் தெரியாத பங்கஜம்

முதலாளியம்மாவுக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே அவர் மகன் ஜெயராசாவின் கலியாணத்தின்போதுதான் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. பதுளைக் கடைவீதியில் ராமாமிர்தம் முதலாளியின் புடவைக்கடை, கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு, அதை ஒட்டினாற்போல் என் வீட்டுச் சுவர். அந்தச் சுவர் என்னிடம் மறைத்த விஷயம் இது ஒன்றுதான்.

பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற எழுபத்து நாலாம் ஆண்டு. எனக்கு முன்னால் நின்ற எதிர்வீட்டு ஸகீனா திரும்பினாள்.

"கேட்டீங்களா? ஜெயராசாட கலியாணம் நிக்கப் போகுது."

"ஏன், பொண்ணுக்கு வேற எடம் பாத்துட்டாங்களா?"

"பேருதான் கொழப்பம். மாமியாரும் பங்கஜம், பொண்ணும் பங்கஜம்."

மாமியார் பெயரை மருமகளுக்கு வைத்துக் கூப்பிடும் வழக்கம் எங்களிடம் இல்லை. வருகிறவள்தான் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். "என் பேரச் சொல்லி நானே எப்படித் திட்டுறது?" என்று முதலாளியம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. திட்டுவது முன்பே முடிவாகிவிட்டதால், பெயர்தான் அவசரமாகத் தேவைப்பட்டது. பத்திரிகை அச்சடிப்பதற்குள் நளினி என்று மாற்றிவிடுங்கள், அதுவும் தாமரைதானே என்று சொல்லியனுப்பினார். பெண் பங்கஜமாகத்தான் வருவாள், இல்லையென்றால் வரமாட்டாள் என்று பதில் வந்தது. ஜெயராசா பாவம், கடையில் அளந்த துணியையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தான்.

கலியாணச் சேலை எடுக்கப் பெண்வீட்டார் பெரகல வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அன்றைக்குப் பார்த்து எனக்குப் பாவாடைத் துணி தேவைப்பட்டது. ஸகீனாவுக்கும்தான்.

பெண், தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். நிமிர்ந்த நடை. கடையின் பின்வாசலில் முதலாளியம்மா அவளை நிறுத்தினார். முற்றத்தில் அவருடைய தாமரைத் தொட்டி. மொனராகலையிலிருந்து கிழங்கு கொண்டுவந்து, வெள்ளை மணல் பரப்பி, வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்துக் கழுவி வளர்த்தார். இலை காசளவுக்கு மேல் வளர்ந்ததில்லை. காரணம் தெருவுக்கே தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

"நளினிங்கிற பேருக்கு என்னம்மா கொற?"

"ஒரு கொறயும் இல்லீங்க அத்தை. அது என் பேரு இல்ல, அவ்வளவுதான்."

"லட்சுமி ஒக்காந்திருக்குற பூவ நெனச்சு எங்கப்பா எனக்கு வச்ச பேரு. அர்த்தம் தெரியுமா ஒனக்கு?"

"சேத்துல பொறந்ததுன்னு அர்த்தங்க."

"தோட்டத்து ஆளுக்கு அதான் தோணும்."

ஜெயராசாவின் கையிலிருந்த சேலை நழுவியது. பெண் நழுவவில்லை. தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"சேறே போடலியே அத்தை. பூ மட்டும் வேணும், சேறு வேணாம்னா அது எங்கிட்டுப் பூக்கும்?"

ஸகீனா என் கையைக் கிள்ளினாள். இப்போதும் வலிக்கிறது.

"அது கெடக்கட்டும். உங்கள யாரு அத்தை பங்கஜம்னு கூப்புடுறாங்க?"

முதலாளியம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மகனுக்கு அம்மா, தெருவுக்கு முதலாளியம்மா, புருஷனுக்கு வெறும் "இந்தா".

"ஒருத்தரும் தொடாத பேர அப்புடிக் காவல் காக்குறீங்களே!" என்றாள் பெண், சிரித்துக்கொண்டே.

முதலாளியம்மா விடுகிற ஆளா? கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பினார். "என்னங்க, என் பேரச் சொல்லி ஒருக்கா கூப்புடுங்க பாப்போம். கூப்புட்டீங்கன்னா இவளும் பங்கஜமாவே வரட்டும்!"

மனுஷன் கூப்பிடமாட்டார் என்ற தைரியம். எங்களுக்கும் அதே எண்ணந்தான். ராமாமிர்தம் முதலாளி எங்களைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார். கடைசியில், அழப்போகிற மாதிரி நின்ற மகனைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"பங்கஜம்."

முதலாளியம்மாவின் முகம் நான் இதுவரை காணாத ஒரு நிறத்துக்குப் போனது.

"என்னங்க மாமா?" என்றது முற்றத்துக் குரல்.

"ஒன்னய இல்லடி பங்கஜம், என்னயத்தான்!" என்று பாய்ந்தார் முதலாளியம்மா.

திட்டு விழுந்துவிட்டது, அதுவும் சொந்தப் பெயரிலேயே. அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? சேலையை எடுத்தார்கள். பாவாடைத் துணி வாங்க மறந்து நாங்கள் வீடு திரும்பினோம்.

அந்த வெள்ளிக்கிழமை தொட்டியை யாரும் கழுவவில்லை. ஜெயராசா வயலிலிருந்து ஒரு வாளி சேறு தூக்கிவந்தான், வெள்ளைச் சட்டையோடு, கடைவீதி முழுக்கப் பார்க்க.