கிளீனர் ஓட்டிய லாரி

மூன்றாவது சனிக்கிழமையும் அதே ஏற்றத்தில்தான் நின்றது. நாலாவது கொண்டை ஊசி வளைவு. முன்னால் மகளின் லாரி பின்விளக்கு சிவக்க மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. இவர் கியரைக் குறைத்தார். மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி ‘டக்’கென்றது. அவ்வளவுதான். மலையும் இல்லை, லாரியும் இல்லை, ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த மகளின் மூச்சும் இல்லை. கருப்புத் திரையில் ஒரு கிழவனின் மூஞ்சி மட்டும் தெரிந்தது.

“சனியனே!” என்று பெட்டிக்கு ஓர் உதை விட்டார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் கட்டைவிரல்தான் வீங்கியது.

முப்பத்தெட்டு வருஷம் நிஜ லாரி ஓட்டியவர். இவர் வாயைத் திறந்தால் ஹாரன் எதற்கு என்று உடன் ஓட்டியவர்கள் வைத்த பெயர் ஏர்ஹாரன். யாரையும் நம்ப மாட்டார். டீசல் போடும்போது மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பஞ்சர் ஒட்டினால் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். பெண்டாட்டியை மட்டும் நம்பினார். அதையும் அவளிடம் சொன்னதில்லை.

இந்த லாரி விளையாட்டு அவளுடையது. ஆறு வருஷத்துக்கு முன் மகள் போன் செய்து, பிடித்தவனைக் கட்டிக்கொண்டேன் என்றாள். இவர் ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்தார். அப்புறம் அவள் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. தாயும் மகளும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு. இங்கே ஒருத்தி, அங்கே ஒருத்தி. ஒரே சாலையில் முன்னும் பின்னுமாக இரண்டு லாரி. காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே போவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி என்றால் அஞ்சு மணி.

கல்யாணமான புதிதில், “ஒரு நாளாவது என்னை லாரியில ஏத்திட்டுப் போங்களேன்” என்று பெண்டாட்டி கேட்டிருக்கிறாள். “பொம்பளைக்கு லாரியில என்ன வேலை? கிளீனரா வர்றியா?” என்று இவர் சிரித்தார். அதை அவள் மறக்கவில்லை. விளையாட்டில் பெயர் கேட்டபோது ‘கிளீனர்’ என்றே போட்டுக்கொண்டாள். மகள் பெயர் ‘ஓனர்’.

நாலு மாதத்துக்கு முன் பெண்டாட்டி நெஞ்சு வலி என்று மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். “பாப்பாகிட்ட சொல்லிடுங்க” என்றாள். “வீட்டுக்கு வந்து நீயே சொல்லு” என்றார். அவள் வீட்டுக்கு வரவில்லை. எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் மகள் வந்தாள். வாசலில் செருப்போடு நின்றபடி, “சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல?” என்று கேட்டாள். அவள் உட்காராமலே திரும்பிப் போனாள்.

சும்மா இருந்த ஒரு சனிக்கிழமைதான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எந்தப் பொத்தான் முதலில், எது அடுத்தது என்று பெண்டாட்டி சுவரில் ஒட்டிவைத்திருந்த காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக அமுக்கினார். திரையில் ‘கிளீனர்’ என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் காதுக்குள் ஒரு குரல்.

“யாரு?”

ஏர்ஹாரன் அடிக்கவில்லை. இருமினார்.

இருமலை வைத்தே மகளுக்குத் தெரிந்துவிட்டது. “சரி, பின்னாடியே வாங்க. இடைவெளி விட்டு வாங்க” என்றாள். போனார். ஆறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து போன முதல் வழி அதுதான். நாலாவது வளைவில் பெட்டி நின்றது.

அடுத்த வாரம் அவள் குரல் காய்ந்திருந்தது. “பாதில கட் பண்ணிட்டுப் போயிட்டீங்க.”

“நான் பண்ணல. தானா நின்னுடுச்சு.”

“அன்னைக்குப் போனும் தானாதான் கட்டாச்சா?”

அன்றும் நின்றது. மூன்றாம் வாரம் அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள்: “இன்னைக்கும் இப்படிப் போனீங்கன்னா இனிமே நான் வரமாட்டேன். அவ்ளோதான்.” அன்றுதான் பெட்டி உதை வாங்கியது. அரை மணி கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல ஓடவும் செய்தது. சாலையில் மகள் இல்லை. போன் செய்தார். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்தாலும் வருவாள், வராவிட்டாலும் போச்சு. வந்தால் இந்தப் பெட்டி நிற்கக் கூடாது.

பிளக்கை மாற்றினார். வேறு அறையில் வைத்துப் பார்த்தார். மாடி வீட்டுக்காரன் மிக்சி போடும்போது கரண்டை இழுக்கிறான் என்று போய் அவனோடு ஒரு பாட்டம் கத்திவிட்டு வந்தார். பெண்டாட்டியின் போட்டோக்களைத் திறந்து இரண்டு மணி நேரம் பார்த்தார். நிற்கவில்லை. விளையாட்டைத் திறந்து மலை ஏறினால் மட்டும் பத்தே நிமிஷத்தில் நின்றது. அப்போது அவர் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும்: அங்கிருந்து மகளேதான் நிறுத்துகிறாளோ? பழி வாங்குகிறாளோ? அன்று முழுக்க அதையே நினைத்துச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பெட்டியைப் போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். ரிப்பேர் கடையை நடத்துகிறவள் ஐம்பது வயதுப் பெண். மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்கியது.

“வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க.”

“வச்சிட்டுப் போறதா? உள்ள இருக்கிற சாமானை மாத்திட்டா?”

“மாத்துற மாதிரி உள்ள ஒண்ணும் இருக்காது பெரியவரே. பெட்டிக்கு உங்க வயசு.”

“அப்ப நான் இங்கயே உட்காருறேன்.”

“உட்காருங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். என்னை நம்புற அளவுக்கு அதை நம்பிடாதீங்க.” கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “எப்ப நிக்குது?”

“மலை ஏறும்போது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவர் விளையாட்டைப் பற்றிச் சொன்னார். போட்டோ பார்த்தால் நிற்கவில்லை என்பதையும் சொன்னார்.

“லாரி ஓட்டுனவருதானே நீங்க? சமதரையில ஓடுற வண்டி மேட்டுல மட்டும் நின்னா என்ன சொல்லுவீங்க?”

திறந்த வாய் மூடவில்லை. சூடு. ரேடியேட்டர், ஃபேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற விஷயம். மாடி வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டார், பெற்ற மகளைச் சந்தேகப்பட்டார். வண்டி சூடாகிறது என்று மட்டும் தோன்றவில்லை.

“ஃபேன்” என்றார்.

“ஃபேன்தான்.”

பெட்டியைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்துவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சுபோலத் தூசி. “என்னய்யா இது, எலி குடும்பம் நடத்தியிருக்கா?” என்று இடுக்கியை விட்டு இழுத்தாள். தூசி வந்தது. அதோடு ஒரு முடி வந்தது. இழுக்க இழுக்க வந்தது. ஃபேனின் நடுத்தண்டில் நூல்கண்டு மாதிரிச் சுற்றிக் கிடந்த நீள முடி. பாதி வெள்ளை, நுனியில் சாயம் வெளுத்த செம்பட்டை.

“ஃபேன் எப்படிச் சுத்தும், இதுவே கட்டிப் போட்டிருக்கு. யாரு முடி இவ்வளவு நீளம்?”

பெண்டாட்டி சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டு, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். பின்பக்கமாக வெதுவெதுப்பாகக் காற்று வரும். “எனக்குன்னே அடிக்குதுங்க” என்பாள். தலை சீவி முடிப்பதற்குள் அஞ்சு மணி ஆகிவிடும். உதிர்ந்ததையெல்லாம் பெட்டி உள்ளே இழுத்து வைத்துக்கொண்டது.

“தலை காய வச்சுக்கிட்டே ஓட்டுவா” என்றார்.

“யாரு?”

“கிளீனர்.”

கடைக்காரி சிரிக்கப் போனாள். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். கை மட்டும் பழக்க தோஷத்தில் முடியைச் சுருட்டிக் குப்பைக்கூடைப் பக்கம் போனது.

“போடாதே!”

தெருவில் போன சைக்கிள்காரன் ஒதுங்கி நின்று திரும்பிப் பார்த்தான். அப்பேர்ப்பட்ட சத்தம். அவள் கையை இழுத்துக்கொண்டாள். தூசியை ஊதிவிட்டு, முடியை வெள்ளைக் காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு ஃபேனைத் துடைத்து, சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்துபோயிருந்ததைச் சுரண்டிப் புதுசு தடவி, பெட்டியை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டாள். முதலில் தொண்ணூற்றேழு டிகிரிவரை ஏறியிருந்த சூடு அறுபத்தைந்தில் நின்றது.

“நம்பலாமா?”

“வீட்டுல போய் ஏறிப் பாருங்க.”

சனிக்கிழமை நாலரைக்கே உட்கார்ந்துவிட்டார். அஞ்சு ஆயிற்று. அஞ்சேகால். அஞ்சரை. மகள் வரவில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் தனியாகவே வண்டியைக் கிளப்பினார். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் கியரைக் குறைத்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டார். நிற்கவில்லை. அஞ்சாவது வளைவும் தாண்டியது. யாரிடம் சொல்வது?

அப்போதுதான் பக்கக் கண்ணாடியில் ஒரு லாரியின் விளக்கு தெரிந்தது. மேலே ‘ஓனர்’ என்று எழுதியிருந்தது.

“இன்னைக்கு நிக்கல போல” என்றது குரல்.

“நிக்காது. ஃபேன்ல முடி சுத்தியிருந்துச்சு.”

“என்ன முடி?”

“உங்கம்மா முடி.”

பின்னால் வந்த லாரி ஓரம் கட்டி நின்றது. இவரும் நிறுத்தினார். காதில் ஒன்றும் கேட்கவில்லை. கட்டாகிவிட்டதோ என்று குனிந்து பெட்டியைப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“இல்ல. காகிதத்துல மடிச்சு வச்சிருக்கேன்.”

“ஆஸ்பத்திரியில... அம்மா என்னைக் கேட்டாங்களா?”

இல்லை என்று சொல்லிவிட்டால் ஒருவேளை அவளுக்கு ஆறும். இவருக்கும் தப்பு குறையும். வாய்வரை வந்தது.

“கேட்டா. பாப்பாகிட்ட சொல்லுங்கன்னா. நான்தான் சொல்லல.”

“ஏன்?”

“வீட்டுக்கு வந்துடுவான்னு நம்பிட்டேன்.”

ரொம்ப நேரம் இரண்டு இன்ஜினும் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தன. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் மைக்கில் கேட்குமோ என்று இருந்தது.

“நான் போறேன்” என்றாள்.

“ம்.”

“வெக்கிறேன்பா.”

பக்கக் கண்ணாடியில் விளக்கு அணைந்தது. லாரி இருந்த இடத்தில் வெறும் சாலை. அடுத்த வாரம் வருவாளா என்று அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. சொல்லிவிட்டு வைத்தாள், அவ்வளவுதான்.

வந்த வழியே வண்டியைத் திருப்ப எந்தப் பொத்தான் என்று சுவரில் இருந்த காகிதத்தில் தேடினார். இல்லை. பெண்டாட்டி திரும்பி வருவதைப் பற்றி எழுதியிருக்கவில்லை. மலைமேல் லாரியை அப்படியே ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். மேஜைக்கடியிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்து அவர் காலில் பட்டுக்கொண்டே இருந்தது.